கவுண்டி ஃபேர் பரிசுப் பணத்தில் மாநில அரசின் பங்கு: மினசோட்டா விதிகள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன?

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்கள் கவுண்டி ஃபேரின் (மாவட்ட வேளாண் கண்காட்சியின்) பொருளாளர் பொறுப்பை இந்த ஆண்டு ஏற்றிருக்கிறேன். காய்கறி, கால்நடை, கைவேலைக்கு நாம் கொடுக்கும் பரிசுப் பணத்தில் ஒரு பகுதி மாநில அரசிடமிருந்து வரும் என்கிறார்கள். எந்தப் பரிசுக்கு வரும், எவ்வளவு வரும், எங்கே சறுக்குவார்கள்?

பதில்:

மாநிலம் முன்பணம் தருவதில்லை. ஃபேரை நடத்தும் சங்கம் அச்சிட்டு அறிவித்த பரிசை, அறிவித்த அதே தொகையில், காட்சிக்கு வைத்தவர் கையில் பணமாகக் கொடுத்து முடித்த பிறகுதான் அதில் ஒரு பங்கு வரும். அதனால் இந்த வேலையின் உயிர் மூன்று தாள்களில் இருக்கிறது: பிரீமியம் பட்டியல் (எந்தப் பொருளுக்கு எவ்வளவு பரிசு என்று அச்சிட்ட புத்தகம்), நடுவர் தீர்ப்பு எழுதிய தாள், செக் பதிவேடு. ஒரு பூசணிக்காய்க்குப் பட்டியலில் முதல் பரிசு 4 டாலர், நடுவர் தாளில் அதற்கு முதல் இடம், செக்கிலும் 4 டாலர் என்று இருந்தால் கவலையே இல்லை. மூன்றில் ஒன்று விலகினாலும் அந்தப் பரிசை மாநிலக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் இங்கே எழுதுவது மினசோட்டா சட்டத் தொகுப்பின் 38.02 பிரிவை வைத்து. மற்ற மாநிலங்களில் விகிதமும் கெடுவும் வேறு. அங்கிருந்து வந்த நண்பர் சொல்லும் கணக்கை இங்கே போட வேண்டாம்.

முதலில் யார் பணம் வாங்குகிறார்கள் என்பது. ஃபேரை நடத்துவது கவுண்டி நிர்வாகம் என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். நடத்துவது கவுண்டி வேளாண் சங்கம். அது 38ஆம் அத்தியாயத்தின் கீழ் வரும் தனி அமைப்பு. சில இடங்களில் ஒரே கவுண்டிக்குள் இரண்டு சங்கங்கள் உண்டு. ஆட்டர் டெயில் கவுண்டியில் ஃபெர்கஸ் ஃபால்ஸில் ஒரு ஃபேரும் பெர்ஹமில் ஒரு ஃபேரும் நடக்கின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் கணக்கைத் தானே காட்ட வேண்டும். கவுண்டி போர்டு கொடுக்கும் உதவித்தொகை வேறு. 2008இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய லெகசி திருத்தத்தின் கலை, பண்பாட்டு நிதியிலிருந்து ஃபேர்களுக்கு வரும் மானியமும் வேறு. பரிசுக்கான மாநிலப் பங்கையும் சேர்த்து இந்த மூன்றையும் ஒரே வரவுத் தலைப்பில் போட்டுக் குழப்பினால், பரிசுப் பணம் எந்தக் கையிலிருந்து போனது என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. பரிசுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்துவிடுங்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை, ஆனால் அக்டோபரில் உங்கள் தலைவலி பாதியாகக் குறையும்.

தகுதி நிபந்தனைகள் சிக்கலானவை அல்ல. கடந்த மூன்று ஆண்டுகளும் ஃபேர் நடந்திருக்க வேண்டும். பேரிடரோ, சுகாதார அதிகாரிகள் அறிவித்த கொள்ளைநோயோ தடுத்திருந்தால் அந்த ஆண்டு பாதகமில்லை. 2020இல் கோவிட் காரணமாக ஃபேர்கள் நின்றபோது பலர் இந்த வரியைத் தேடிப் படித்தார்கள். சங்கத்தில் ஆண்டு உறுப்பினர்கள் 25 பேருக்குக் குறையக்கூடாது. உறுப்பினர் பட்டியலை ஃபேருக்கு முன்பே புதுப்பித்து, சந்தா ரசீதுகளோடு வைத்திருங்கள். சின்னச் சங்கங்களில் பழைய உறுப்பினர்கள் சந்தா கட்டாமலேயே பெயர் மட்டும் தொடர்வது வழக்கம். எண்ணிப் பார்த்தால் 25க்குக் கீழே வரும். மாநிலத்திடமிருந்து வாங்கும் தொகைக்குக் குறையாமல் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கணக்கிடும் விகிதமே அதை உறுதிசெய்துவிடும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனி, எது பரிசு? இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். காட்சிப்பொருளின் தரத்துக்காக அதை வைத்தவருக்குக் கொடுத்த ரொக்கப் பரிசுதான் சட்டத்தின் கண்ணில் பிரீமியம். கால்நடை, கால்நடைப் பொருள்கள், தானியம், பழம், பூ, காய்கறி, வீட்டுச் சமையல் மற்றும் மனையியல் பொருள்கள், கைவினை, பொழுதுபோக்குக் கலைகள், நுண்கலை, பள்ளி மாணவர் செய்த பொருள்கள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றோடு, 4-எச் மன்றங்கள் (கால்நடை வளர்ப்பு, கைவேலை போன்றவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் அமைப்பு), எதிர்கால விவசாயிகள் அமைப்பு, மற்ற இளைஞர் குழுக்கள் நடத்தும் போட்டிகள், பள்ளிகளுக்கான எழுத்துக்கூட்டல் போட்டி, நடப்பு நிகழ்வுப் போட்டி ஆகியவற்றில் வென்றவருக்குக் கொடுத்த ரொக்கமும் சேரும். ஊறுகாய், ஜாம், ரொட்டி, தையல் போர்வை, புகைப்படம், விதைகளை ஒட்டிச் செய்யும் படம் என்று ஃபேர் கட்டடங்களில் பார்க்கும் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடுகின்றன.

வராதவற்றையும் சட்டம் பெயர் சொல்லியே ஒதுக்குகிறது: குதிரைப் பந்தயம், பந்து விளையாட்டு, இசைப் போட்டி, திறமைப் போட்டி, ஊர்வலம், நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் கேளிக்கைகள். டிராக்டர் இழுவை, பழைய கார்களை மோதவிடும் டெர்பி இரண்டும் கிராண்ட்ஸ்டாண்டில் டிக்கெட் போட்டு நடப்பவை. அவற்றின் பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு சென்ட்கூட ஏறாது. கவுண்டியில் வென்றவர்கள் மாநில ஃபேருக்குப் போகும் திறமைப் போட்டியும் அப்படித்தான். ஊர்வலத்தில் அழகாக அலங்கரித்த சைக்கிளுக்குக் கொடுக்கும் 10 டாலரும் அப்படியே. பந்தயத்தை ஒதுக்கியதில் நியாயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஃபேர்களைக் குதிரை ஓட்டம் விழுங்கத் தொடங்கியது. கூட்டம் அங்கேதான் சேர்ந்தது, பரிசுப் பணமும் அங்கேதான் போனது. மாட்டையும் மக்காச்சோளத்தையும் கொண்டுவந்தவருக்கு ரிப்பன்தான் மிஞ்சியது. பொதுப் பணம் விளைச்சலின் தரத்துக்குப் போக வேண்டும் என்ற நோக்கம் இந்த ஒதுக்கலில் தெளிவாகத் தெரிகிறது. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இடைப்பட்ட சில இருக்கின்றன. குதிரையைக் கயிற்றில் பிடித்து நிறுத்தி, உடலமைப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வகுப்பு கால்நடைக் காட்சிதான். பீப்பாய்களைச் சுற்றி நேரம் பார்த்து ஓடுவது பந்தயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் 'குதிரைப் பிரிவு' என்று ஒரே எண்ணின் கீழ் அச்சிட்டால் பின்னால் பிரிக்க முடியாது. வேறு வேறு வகுப்பு எண் கொடுத்து, நேரம் பார்க்கும் ஓட்டங்களை மாநிலக் கணக்குக்கு வெளியே வையுங்கள். கோப்பை, ரிப்பன், கடைப் பரிசுச் சீட்டு, மூட்டைத் தீவனம் ஆகியவை ரொக்கம் அல்ல, சேராது. வங்கியோ தீவனக் கடையோ வென்றவர் கையில் நேரடியாகக் கொடுக்கும் 50 டாலரும் சேராது. அது சங்கம் கொடுத்த பணம் அல்ல. ஏலத்தில் 4-எச் பிள்ளையின் ஆட்டுக்கு வாங்குபவர் கூடுதலாகத் தரும் தொகையையும் 'பிரீமியம்' என்றே ஊரில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. புரவலர் பணத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால், நன்கொடையாகச் சங்கத்தின் கணக்கில் வாங்குங்கள், அந்தப் பரிசைப் பட்டியலில் தொகையோடு அச்சிடுங்கள், சங்கத்தின் செக்கில் கொடுங்கள். அப்படிச் செய்வதற்கு முன் வேளாண் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது பிரீமியம் பட்டியல். இதை ஊரில் ஃபேர் புக் என்பார்கள். ஃபேர் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே வெளியிட்டு விநியோகித்திருக்க வேண்டும். ஜூலை 24 தொடக்கம் என்றால் ஜூலை 3 கடைசி. அந்த நாள் வரை இழுக்காதீர்கள். அச்சகத்தில் ஒரு வாரம் தாமதமானாலும் நிற்கும்படி மே மாதத்தில் முடித்துவிடுங்கள். என்றைக்கு வெளியானது என்பதற்குச் சான்று வேண்டும்: அச்சக ரசீது, உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம், இணையத்தில் ஏற்றிய நாளைக் காட்டும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), நூலகத்துக்கும் தீவனக் கடைக்கும் கொடுத்த பிரதிகளின் எண்ணிக்கை. இவற்றை ஓர் உறையில் போட்டு, அந்த ஆண்டின் ஃபேர் புக்கோடு சேர்த்து வையுங்கள். பள்ளிப் பொருள்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. முந்தைய கல்வியாண்டில் பள்ளிகளுக்கு அனுப்பிய தனிப் பட்டியலைக் குறிப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் மறுபடி அச்சிட வேண்டியதில்லை.

பட்டியலில் ஒவ்வொரு பொருளும் அதற்கான தொகையும் இருக்க வேண்டும், கொடுக்கும்போது அந்தத் தொகையையே கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சில எடுத்துக்காட்டுகள். ஜூலை நடுவில் யாரோ 'இந்த ஆண்டு மிளகாய் நிறைய வரும், தனியாக ஒரு லாட் போடலாமே' என்பார். லாட் என்றால் ஒரே வகைப் பொருள்கள் போட்டியிடும் உட்பிரிவு. போடலாம், பரிசும் கொடுக்கலாம். ஆனால் அது பட்டியலில் இல்லாததால் முழுச் செலவும் சங்கத்துடையது. இன்னொன்று, 'பணம் போதாவிட்டால் பரிசுத் தொகை விகிதப்படி குறைக்கப்படும்' என்று புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். குறைத்துக் கொடுத்த நாளே பட்டியலும் செக்கும் ஒத்துப்போகாமல் போய்விடும். குறைவாகக் கொடுக்க நேரும் என்ற பயம் இருந்தால் முதலிலேயே குறைவாக அறிவியுங்கள். மூன்றாவது, உற்சாகத்தில் கூட்டிக் கொடுப்பது. இரண்டு தக்காளித் தட்டுகளுமே அருமை என்று நடுவர் இரண்டுக்கும் முதலிடம் தருவார். பட்டியலில் ஒரு முதல் பரிசுதான் இருக்கிறது. சமநிலை வந்தால் என்ன செய்வது, தகுதியான பொருள் இல்லாவிட்டால் முதல் பரிசை நிறுத்தி வைக்கலாமா என்ற இரண்டு விதிகளையும் பொது விதிகளில் அச்சிட்டுவிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் வைத்த லாட்டில் அவருக்கு முதல் பரிசு கிடைத்தே தீரும் என்பதில்லை. பணம் தரத்துக்குத்தான். நடுவர் தயங்காமல் இரண்டாம் இடம் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தீர்ப்பு முறையைப் பொறுத்துச் செலவும் மாறும். வரிசை முறையில் ஒரு லாட்டுக்கு 5, 4, 3 டாலர் என்று அறிவித்தால், 4 பேர் வந்தாலும் 40 பேர் வந்தாலும் செலவு 12 டாலர்தான். டேனிஷ் முறையில் ஒவ்வொரு பொருளையும் ஒரு தரத்தோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை என்று குழு பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேரும் இருக்கலாம். நீலத்துக்கு 4, சிவப்புக்கு 3, வெள்ளைக்கு 2 டாலர் என்று வைத்து 40 பொருள் வந்தால் செலவு 80இலிருந்து 160 டாலர் வரை எங்கும் நிற்கலாம். இளைஞர் பிரிவுக்கு டேனிஷ் முறைதான் நல்லது என்பது என் கருத்து. பத்து வயதுப் பிள்ளைக்கு, பக்கத்துப் பிள்ளையை வென்றோமா என்பதைவிட, தன் முயல் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று தெரிவது பயன்படும். ஆனால் அதற்கு பட்ஜெட் போடும்போது எல்லோரும் நீலம் வாங்குவார்கள் என்று வைத்தே போடுங்கள். தரம் பார்க்காமல் கலந்துகொண்ட எல்லோருக்கும் 2 டாலர் கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அது தரத்துக்கான பரிசு அல்ல என்பதால் மாநிலக் கணக்கில் வைக்க வேண்டாம்.

நுழைவுக் கட்டணத்துக்கும் விதி இருக்கிறது. கட்டணம் வாங்குவதாக இருந்தால், விகிதம் பட்டியலில் அச்சாகியிருக்க வேண்டும். பொருளைப் பதிவுசெய்யும் நேரத்திலேயே வாங்கிவிட வேண்டும். 'பரிசுத் தொகையில் கழித்துக்கொள்கிறோம்' என்ற வழக்கம் வசதியாகத் தோன்றும், வரிசை வேகமாக நகரும். ஆனால் அது விதிக்கு நேர் எதிர். கூடவே செக்கில் எழுதும் தொகையும் பட்டியல் தொகையிலிருந்து விலகிவிடும். பதிவு மேசையில் சில்லறையோடு ஒருவரை உட்காரவைத்து ரசீது கிழித்துக் கொடுப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒரு பொருளுக்கு ஒரு பரிசு என்பது அடுத்த பெரிய விதி. ஒரே தட்டு வெள்ளரிக்காயை 'ஊறுகாய் வெள்ளரி' லாட்டிலும் 'சாலட் வெள்ளரி' லாட்டிலும் காட்டி இரண்டு பரிசு வாங்க முடியாது. வேறு தட்டாக இருந்தால் பிரச்சினை இல்லை. சாம்பியன், அதற்கும் மேலான ஒட்டுமொத்தப் பரிசுகள் இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளவை. முதல் பரிசு வாங்கிய பசு பிறகு இனச் சாம்பியனாகி அதற்கும் பணம் வாங்கலாம். இரண்டுமே பட்டியலில் இருந்தால் இரண்டும் கணக்கில் சேரும்.

இன்னொரு விலக்கு 4-எச் பிள்ளைகளுக்கானது, அதைப் பாதிதான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஃபேரின் வழக்கமான 4-எச் போட்டியில் முதல் பரிசு பெற்ற பொருள், யாரும் கலந்துகொள்ளக்கூடிய பொதுப் பிரிவான ஓப்பன் கிளாஸிலும் போட்டியிட்டு அங்கேயும் பரிசு வாங்கலாம். முதல் பரிசு பெற்றது என்பதுதான் நிபந்தனை. 4-எச்சில் சிவப்பு ரிப்பனுக்குப் பணம் வாங்கிய கன்று, ஓப்பனிலும் பணம் வாங்கினால் ஒரே பொருளுக்கு இரண்டு பரிசு ஆகிவிடும். டேனிஷ் முறையில் ஒரு வகுப்பில் பலருக்கு நீலம் கிடைக்கும் என்பதால், 4-எச் பிரிவில் 'முதல் பரிசு' என்று எதைக் கொள்கிறீர்கள் என்பதைப் பட்டியலிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நடைமுறையில் இந்தத் தவறு கண்டுபிடிக்கப்படாமல் போகக் காரணம், 4-எச் கணக்கை அதை நடத்தும் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகமும் ஓப்பன் கணக்கைச் சங்கமும் தனித்தனியாக வைத்திருப்பதுதான். இரண்டு பட்டியலையும் காட்சியாளர் பெயர் வரிசையில் அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்நடையாக இருந்தால் காது டேக் எண்ணை வைத்துப் பொருத்துங்கள்; பெயரை நம்பாதீர்கள், ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள்.

இனி மேசைக்கு வருவோம். ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய் வந்ததும் அதன் கழுத்தில் ஒரு டேக் கட்டுவார்கள். அதில் வகுப்பு, லாட், காட்சியாளர் எண். பெயர் எழுதிய பாதி மடிந்திருக்கும், நடுவருக்குத் தெரியாது. நடுவர் மூடியைத் திறந்து, உப்புநீரின் தெளிவைப் பார்த்து, ஒரு துண்டைக் கடித்துவிட்டு இடம் சொல்வார். கிளார்க் தாளில் எழுதுவார். பணம் தொலையும் இடம் இதுதான். நடுவர் மூன்று ஜாடிக்குப் பிறகு மனம் மாறி முதலையும் இரண்டையும் மாற்றுவார். ரிப்பன் மாறும், தாள் மாறாது. 118 என்பது 181 ஆகும். அடித்து எழுதியது யாருடைய கை என்று செப்டம்பரில் யாருக்கும் தெரியாது. அதனால் கிளார்க்குகளுக்கு மூன்றே மூன்று சொல்லுங்கள்: லாட் முடிந்த பிறகு டேக்கைப் பார்த்து எண்ணை ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும், லாட்டில் மொத்தம் எத்தனை பொருள் என்று ஓரத்தில் எழுத வேண்டும், நடுவர் கட்டடத்தை விட்டுப் போவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரே காட்சியாளர் 14 ரிப்பன் வாங்கி 41 டாலருக்கு ஒரே செக் பெறுவது சாதாரணம். செக்கில் மொத்தம் மட்டும் இருக்கும். எந்த லாட்டுக்கு எவ்வளவு என்ற பிரிப்புத் தாள் ஒன்று அதனோடு இணைய வேண்டும். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று உங்களுக்கு. அவர் பிரதியைப் பார்த்துத் 'என் சூரியகாந்திக்கு வரவில்லை' என்று ஒரு வாரத்துக்குள் சொன்னால் எளிதாகத் திருத்திவிடலாம். உறையில் ரொக்கமாகக் கொடுக்கும் சங்கங்கள் பெயர், எண், தொகை, கையெழுத்து உள்ள பதிவேடு வைக்க வேண்டும்.

மாற்றப்படாத செக்குகள் ஒரு தனித் தொல்லை. 3 டாலர் செக்கை யாரும் வங்கிக்கு எடுத்துப் போவதில்லை. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தோடு நிற்கும். நிபந்தனையோ, கொடுத்த பணம் என்கிறது. செக்கின் மேலேயே '60 நாளுக்குள் மாற்றவும்' என்று அச்சிட்டு, ஃபேர் முடிந்ததும் ஒரு முறை, செப்டம்பர் இறுதியில் ஒரு முறை நினைவூட்டுங்கள். அக்டோபர் நடுவில் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, மாற்றாதவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குக் காட்டுவதுதான் பாதுகாப்பு. சிலர் அன்போடு 'பரிசுப் பணத்தைச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும்' என்பார்கள். அப்படியானால் செக்கைக் கொடுத்து, அவர் மாற்றி, பிறகு நன்கொடையாகத் தரட்டும். கொடுக்காமலே கழித்துக்கொண்டால் அது கொடுத்த பரிசு ஆகாது.

தொகைக் கணக்கு படிப்படியானது. கொடுத்த பரிசின் முதல் 750 டாலருக்கு 100 சதவீதம், அடுத்த 750க்கு 80, அதற்கடுத்த 750க்கு 60, மொத்தம் 2,250 தாண்டிய பிறகு எவ்வளவானாலும் 40 சதவீதம். 2,250 டாலர் கொடுத்த சங்கத்துக்கு 750, 600, 450 சேர்ந்து 1,800 வரும். அதற்கு மேலே போனவர்கள் மொத்தத்தை 0.4ஆல் பெருக்கி 900 கூட்டினால் விடை வந்துவிடும். 5,000 டாலருக்கு 2,900. 10,000 டாலருக்கு 4,900. 20,000 டாலருக்கு 8,900. மொத்தத்தையும் 40 சதவீதம் என்று நினைத்துப் பெருக்குபவர்கள் அந்த 900ஐ விட்டுவிடுகிறார்கள்.

சிறிய ஃபேர்களுக்குக் கை கொடுக்கும் அமைப்பு இது, நோக்கம் நல்லது. ஆனால் 750 டாலர் என்பது இன்றைய விலைவாசியில் மிகச் சிறிய படி. ஓரளவு ஆள் வரும் எந்த ஃபேரும் மூன்று படிகளையும் தாண்டி 40 சதவீதத்தில் வந்து நின்றுவிடும். ஆக, 'மாநிலம்தானே தருகிறது' என்று பரிசை ஏற்ற நினைக்கும் குழுவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய எண் இதுதான்: கூடுதலாக அறிவிக்கும் ஒவ்வொரு டாலரிலும் 60 சென்ட் சங்கத்துடையது.

அதுவும் முழுதாகக் கிடைத்தால். எல்லாச் சங்கங்களின் உரிமைத் தொகையையும் கூட்டினால் சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தைத் தாண்டும் என்றால், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டு விழும். ஒதுக்கீடு தேவையில் முக்கால் பங்கே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 டாலர் பரிசு கொடுத்த சங்கத்தின் 4,900 டாலர் 3,675 ஆகிவிடும். கூடுதல் டாலருக்கு வருவது 30 சென்ட்தான். பட்ஜெட்டில் இந்த வரவை எப்போதும் குறைத்தே எழுதுங்கள். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே பானையிலிருந்து எல்லோரும் எடுப்பதால், தகுதியில்லாத பரிசை ஒரு சங்கம் கணக்கில் ஏற்றினால் அந்தப் பணம் பக்கத்துக் கவுண்டியின் பங்கிலிருந்து போகிறது. டெர்பி பரிசை 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் நுழைப்பவர்கள் மாநிலத்தை ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். ஏமாறுவது அடுத்த ஊரில் தக்காளித் தட்டோடு நிற்பவர்.

நோய்க் காலத்தையும் யோசித்து வையுங்கள். 2015இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது மினசோட்டா கால்நடை நலவாரியம் அந்த ஆண்டு ஃபேர்களில் கோழிகளைக் காட்சிக்கு வைக்கத் தடை விதித்தது. பிள்ளைகள் கோழி இல்லாமலே வந்தார்கள். சுவரொட்டியும் மாதிரிகளும் வைத்துத் தங்கள் அறிவைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியலில் 'சேவல், ஓராண்டுக்கு மேல்' என்று இருக்கும் லாட்டில் ஒரு சுவரொட்டிக்குப் பணம் கொடுத்தால் காகிதங்கள் ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு கால்நடைப் பிரிவின் கடைசியிலும், விலங்கு வர முடியாத ஆண்டுக்கென்று 'கல்விக் காட்சிப்பலகை' என ஒரு லாட்டைத் தொகையோடு எப்போதும் அச்சிட்டு வையுங்கள். தேவைப்படாத ஆண்டில் அது காலியாக இருக்கும், செலவு ஒன்றுமில்லை. தேவைப்படும் ஆண்டில் மூன்று வாரக் கெடு உங்களைக் கட்டிப்போடாது.

பதிவேடுகளும் ஆண்டறிக்கையும் அந்த ஆண்டு நவம்பர் 1க்குள் வேளாண் ஆணையரிடம், அவர் துறை கொடுக்கும் படிவத்திலேயே சேர வேண்டும். ஆணையர் ஒதுக்கீட்டு அறிக்கையை மாநில நிதிநிலைத் துறைக்கு அனுப்பிய பிறகே பணம் வரும். தகுதிபெற்ற சங்கங்களின் பட்டியல் மாநில ஃபேரை நடத்தும் மாநில வேளாண் சங்கத்தின் செயலாளருக்கும் போகும். ஆகஸ்ட் ஃபேர் என்றால் இரண்டு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நடுவர் தாள்களைக் கூட்டும் வேலையை ஃபேர் முடிந்த முதல் வாரத்தில் செய்துவிடுங்கள், கிளார்க்குகளுக்கு நினைவு இருக்கும்போதே. பிரிவுவாரியாக மொத்தம் போட்டு, அதைச் செக் பதிவேட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு டாலர் விலகினாலும் எந்த லாட் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பிழை சேர்ந்தே கிடக்கும். அடுத்த ஆண்டு பணம் வந்து சேரும்போது அதைக் கடந்த ஃபேரின் பரிசுச் செலவுக்கு எதிரான வரவாக எழுதுங்கள். புதிய ஃபேரின் வருமானமாக எழுதினால், அந்த ஆண்டு பரிசுக்குக் கையில் இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் குழு நினைத்து, ஃபேர் புக்கில் கொடுக்க முடியாத தொகையை அச்சிட்டுவிடும்.